பளபள பேனலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கட்டிடத்தின் ‘சட்டை’ தீப்பிடிப்பது ஏன்?

2017 ஜூன் 14. லண்டனின் வடக்கு கென்சிங்டன் பகுதியில் இருக்கும் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு. நள்ளிரவு தாண்டி 12.54 மணிக்குத் தீயணைப்புத் துறைக்கு ஒரு போன். நான்காவது மாடி வீட்டின் சமையலறையில் ஃப்ரிட்ஜ் பக்கம் தீ. வீரர்கள் வந்தார்கள், சமையலறைத் தீயை அடக்கினார்கள். வழக்கமாக இத்தோடு முடிந்திருக்க வேண்டிய சம்பவம்.

ஆனால் அதற்குள் தீ ஜன்னலோரமாக வெளிச்சுவருக்குப் போய்விட்டது. போன் வந்த சுமார் அரை மணி நேரத்தில் கட்டிடத்தின் உச்சியைத் தொட்டது. 72 பேர் உயிரிழந்தனர்.

1970-களில் கட்டப்பட்ட கான்கிரீட் கட்டிடம் அது. கான்கிரீட் எரியாது. எரிந்தது, 2016-ல் முடிந்த புதுப்பிப்புப் பணியில் அதற்கு மாட்டிவிட்ட புதுச் ‘சட்டை’. அதாவது, வெளிச்சுவர் பேனல்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ முக்கியக் காரணம் அந்தப் பேனல்கள்தான் என்று 2019-ல் விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை சொன்னது.

அது என்ன பேனல்?

ஷோரூம், நகைக்கடை, மருத்துவமனை, ஐடி அலுவலகம் என நம்மூரில் திரும்பிய பக்கமெல்லாம் மின்னும் ‘ஏசிபி ஷீட்’டும் இதே ரகம்தான். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ஒரு கோர். கிட்டத்தட்ட சாண்ட்விச் மாதிரி. கிரென்ஃபெல்லில் மாட்டிய பேனலின் மொத்தத் தடிமன் 4 மி.மீ. அதில் 3 மி.மீ. பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்.

பிரச்சினையே அந்த நடு அடுக்கில்தான். பாலிஎதிலீன் சூடானால் உருகும், ஒழுகும், எரியும். எடைக்கு எடை பார்த்தால், எரியும்போது பெட்ரோலுக்கு நிகரான வெப்பத்தை வெளியிடும். அலுமினியமோ சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது உலோகம். தீக்கு அது எரிபொருள்.

எப்படி மாட்டுகிறார்கள்?

‘சும்மா சுவத்துல ஒட்டுற ஷீட்டுதானே’ என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் பேனல் சுவரைத் தொடுவதே இல்லை. முதலில் சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டில் பிராக்கெட்டுகளைப் பிடிப்பார்கள். அதன்மேல் அலுமினியக் குழாய்களால் ஒரு சட்டகம். கடைசியாகத்தான் பேனல்.

பேனலைப் பிடிப்பதில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, தட்டையான பேனலை அப்படியே சட்டகத்தில் வைத்து ரிவெட் அடிப்பது. இன்னொன்று, பேனலின் பின்பக்கம் ரூட்டர் மெஷினால் கோடு போட்டு, நான்கு ஓரங்களையும் மடித்து, இனிப்புப் பெட்டி மூடி போல ஆக்கி மாட்டுவது. இதற்கு ‘கேசட்’ என்று பெயர். ரிவெட் தலை வெளியே தெரியாது, பார்க்க நீட்டாக இருக்கும்.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் இடைவெளி விடுவார்கள். வெயிலில் அலுமினியம் விரியும் என்பதே காரணம். 3 மீட்டர் நீளப் பேனலின் வெப்பநிலை 50 டிகிரி கூடினால் சுமார் 3.6 மி.மீ. நீளும். இடம் விடாவிட்டால் பேனல் உப்பிக்கொண்டு நிற்கும்.

சிக்கல் எங்கே?

பேனலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தில்தான். அந்த இடமும் தேவைதான். உள்ளே புகுந்த மழைநீர் வடியவும், ஈரம் காயவும் அது உதவும். ஆனால் தீப்பிடித்துவிட்டால் அதே இடைவெளி கட்டிடத்தின் அடி முதல் நுனி வரை ஒரு புகைபோக்கியாகிவிடும். சூடான காற்று மேலே பாயும், பின்னாலேயே தீயும் ஏறும்.

இதைத் தடுக்கத்தான் தீத்தடுப்புப் பட்டைகளை அந்த இடைவெளிக்குள் குறுக்கே வைக்க வேண்டும். சூடுபட்டதும் உப்பி, வழியை அடைத்துக்கொள்ளும் ரகங்கள் இருக்கின்றன. ஜன்னலைச் சுற்றியும் தடுப்பு தேவை. கிரென்ஃபெல்லில் ஜன்னல்களைச் சுற்றி இந்தத் தடுப்பு இல்லை.

மாட்டும் விதமும் முக்கியமா?

ஆமாம். கிரென்ஃபெல்லில் இருந்தது கேசட் முறை. அதே பாலிஎதிலீன் பேனலை ரிவெட் அடித்துச் சோதித்தால் ஒரு மாதிரி எரிந்தது. கேசட்டாக மடித்துச் சோதித்தபோது மிக மோசமாக எரிந்தது. பேனலைத் தயாரித்த ஆர்கோனிக் நிறுவனம், கேசட் வடிவத்தின் உண்மையான ஆபத்தை 2005 முதல் சந்தையிடம் வேண்டுமென்றே மறைத்தது என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை கூறியது.

ஆக, ‘எந்த பிராண்ட் ஷீட்’ என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த கோர், எந்த முறையில் மாட்டுகிறார்கள், பின்னால் என்ன இருக்கிறது என மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’

ஒரு வீட்டில் தீ என்றால் கான்கிரீட் சுவர் அதை அங்கேயே அடக்கும், மற்றவர்கள் தங்கள் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு. கிரென்ஃபெல் மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி இது. வெளியே இருந்த பேனல், சுவர் கொடுத்த அந்தப் பாதுகாப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அறிவுரை கைவிடப்பட்டபோது மணி அதிகாலை 2.47.

இத்தனைக்கும் முதலில் திட்டமிடப்பட்டது துத்தநாகப் பேனல். சுமார் 2,93,000 பவுண்ட் மிச்சமாகும் என்பதால் மாற்றிவிட்டார்கள்.

இது லண்டனோடு நிற்கும் கதையும் அல்ல. 2014-ல் மெல்போர்னில் பால்கனியில் கிடந்த ஒரு சிகரெட்டிலிருந்து கிளம்பிய தீ, 8-வது மாடியிலிருந்து கூரை வரை ஏற எடுத்துக்கொண்டது சுமார் 11 நிமிடம். துபாயின் டார்ச் டவர் 2015, 2017 என இரண்டு முறை எரிந்தது. 2018 டிசம்பரில், 18 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களை இங்கிலாந்து தடை செய்தது.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஃப்ளாட் வாங்குகிறீர்கள், அலுவலகம் வாடகைக்கு எடுக்கிறீர்கள், அல்லது அசோசியேஷனில் ‘எலிவேஷன் மாத்தலாம்’ என்று பேச்சு வருகிறது. அப்போது கேட்க வேண்டியவை:

• கோர் என்ன? சாதாரண பாலிஎதிலீனா, ‘எஃப்.ஆர்.’ எனப்படும் தீ தாங்கும் ரகமா, ‘ஏ2’ தரமா? ‘எஃப்.ஆர்.’ என்றால் எரியவே எரியாது என்று அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரப்பட்டியலில் ‘பி’யைவிட ‘ஏ2’ பாதுகாப்பானது.

• சோதனைச் சான்றிதழ் வெறும் ஷீட்டுக்கா, இங்கே மாட்டப்போகும் அதே முறைக்கா?

• ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் ஓரத்திலும் தீத்தடுப்புப் பட்டை இருக்கிறதா? பேனல் மூடிய பிறகு பார்க்க முடியாது. மூடும் முன்பே போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

• பேனல் எந்த ஜன்னலையாவது மூடுகிறதா? புகை வெளியேறவும், மாட்டிக்கொண்டவரை மீட்கவும் அந்த ஜன்னல்தான் வழி.

கொட்டேஷனில் பெரும்பாலும் நிறமும் சதுர அடி விலையும்தான் இருக்கும். கோர் என்ன என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கான்ட்ராக்டர் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.