மண்குதிரையும் செயற்கைக்கோளும்

வழி சொல்லும் குரலை நம்பி வண்டி ஓட்டுவது நாடு முழுக்கப் பழக்கமாகிவிட்டது. ஆனால் எதிரே பாலம் இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை?

2024 நவம்பர் 24, ஞாயிறு காலை. உத்தரப் பிரதேசத்தின் பரேலி, பதாயூன் மாவட்டங்களை இணைக்கும் சாலையில் வந்த ஒரு கார், ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் மீது ஏறியது. பாலம் பாதியில் முடிந்துபோயிருந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போன பகுதி திரும்பக் கட்டப்படவில்லை. கார் ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்துபோனார்கள்.

செல்போன் வரைபடம் காட்டிய வழியில் அவர்கள் வந்ததாகப் போலீசார் கூறினார்கள். பாலம் உடைந்த விஷயம் வரைபடத்துக்கு எட்டவில்லை. அதைவிடக் கொடுமை, பாலத்தின் முகப்பில் ஒரு தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இல்லாததுதான். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும், வரைபட நிறுவனத்தின் பெயர் குறிப்பிடப்படாத அதிகாரி ஒருவர் மீதும் வழக்குப் பதிவானது. அடுத்த சில நாட்களிலேயே அதே பரேலி மாவட்டத்தில் இன்னொரு கார் கால்வாய்க்குள் இறங்கியது. நல்லவேளை, அதில் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

குற்றவாளி யார்? செயற்கைக்கோள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போதும், செல்போன் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. 'நீ இங்கே இருக்கிறாய்' என்று அவை சொல்லும். 'உன் எதிரே என்ன இருக்கிறது' என்று சொல்வது வரைபடம். அது மனிதர்கள் திரட்டிய தகவல். யாராவது திருத்தும் வரை அதில் பழைய பாலம் அப்படியே நிற்கும்.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. எந்தச் சாலையில் நெரிசல் என்பதை, அந்தச் சாலையில் போகும் செல்போன்களின் வேகத்தை வைத்தே இந்தச் செயலிகள் தெரிந்துகொள்கின்றன. பாலம் உடைந்தது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகமாட்டார்கள். யாரும் போகாத சாலையில் நெரிசல் ஏது? மனிதனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பவேண்டிய வெறிச்சோடிய சாலை, இயந்திரத்தின் கணக்கில் தடையற்ற சாலையாகிவிடக்கூடும்.

இரவும் மழையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. 2023 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொட்டும் மழையில், கோதுருத்து என்ற இடத்தில் ஒரு கார் பெரியாற்றில் பாய்ந்தது. இளம் டாக்டர்கள் இருவர் உயிரிழந்தார்கள். மூவரை ஊர் மக்கள் காப்பாற்றினார்கள். கார் வரைபடத்தைப் பார்த்து ஓட்டப்பட்டதாகவே அப்போது செய்திகள் கூறின. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குருப்பந்தரையில், ஐதராபாத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் நால்வர் வெள்ளம் சூழ்ந்த சாலையை அடையாளம் தெரியாமல் ஓடைக்குள் ஓட்டிவிட்டு, உயிர் தப்பிக் கரையேறினார்கள். மழைக்காலத்தில் பழக்கமில்லாத வழிகளில் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகவேண்டாம் என்று கேரள போலீஸ் எச்சரித்திருக்கிறது.

போலீசாரே ஏமாந்த கதையும் உண்டு. 2025 ஜனவரியில், குற்றவாளி ஒருவரைத் தேடி அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டிலிருந்து 16 பேர் கொண்ட போலீஸ் குழு கிளம்பியது. வரைபடம் அஸ்ஸாம் எல்லைக்குள் காட்டிய தேயிலைத் தோட்டம், உண்மையில் நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் இருந்தது. பெரும்பாலோர் சீருடையில் இல்லை. கையிலோ நவீனத் துப்பாக்கிகள். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்த ஊர் மக்கள் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரவு முழுவதும் சிலர் அங்கேயே கிடந்து, மறுநாள் காலை விடுபட்டார்கள்.

வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, டீக்கடையில் வழி கேட்பது இந்தியச் சாலைகளின் பழைய வழக்கம். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 'அந்தப் பக்கம் போகாதீங்க, பாலம் போயிடுச்சு' என்று சொல்ல அவர்களில் ஒருவராவது இருப்பார். செல்போன் வந்ததும் கேட்பது கௌரவக் குறைச்சல் போலாகிவிட்டது. திரையில் கோடு இருக்கும்போது, கண் முன்னே சாலை கரடுமுரடாவதும் எதிரே ஒரு வண்டிகூட வராததும் உறைப்பதில்லை.

இதற்காக இறந்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். உடைந்த பாலத்தின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பியிருந்தால் மூன்று உயிர்கள் மிஞ்சியிருக்கும். அதற்குச் செயற்கைக்கோள் வேண்டியதில்லை. செங்கல்லும் சிமெண்டும் போதும்.

'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாற்போல' என்பது பழமொழி. அது குதிரையல்ல, மண்குதிர்தான் என்று சொல்வாருண்டு. குதிர் என்றால் ஆற்றின் நடுவே குவிந்திருக்கும் மணல் திட்டு. பார்வைக்குத் தரை; கால் வைத்தால் சரிந்துவிடும். திரையில் தெரியும் பாலமும் அப்படித்தான். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு நிமிடம் பார்ப்பதில் பயணம் தாமதமாகலாம். ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம்.