நோக்குதலும் அறிதலும்

திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றவர். அறிபவனும் அறியப்படுபொருளும் பிரிந்து நில்லாத உள்ளுணர்வறிவு ஒன்று உண்டென 1932-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் அவர் வாதிட்டார். பின்னாளில் அதே கல்லூரியில் இயற்பியல் பயின்ற இ.சி.ஜி. சுதர்சன் 1977-இல் பி. மிஸ்ராவுடன் வெளியிட்ட முடிவு ஒன்றை, அவ்வாதத்திற்கு அறிவியல் தந்த சான்றாகக் கொள்ள ஆசை எழுவது இயல்பே. இடைவிடாது நோக்கப்படும் அணு மாறாது நிற்கும் என்பதே அம்முடிவு. பறக்கும் அம்பு கணந்தோறும் நிற்கிறது என்று வாதிட்ட கிரேக்க ஞானி சீனோவின் பெயரால் அது வழங்குகிறது.

இதில் மாயம் ஏதுமில்லை. குவாண்டம் மாற்றம் தொடக்கத்தில் மிக மெதுவாகவே நிகழும். காலம் இருமடங்கானால் மாற்றத்தின் வாய்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே காலத்தைப் பத்தாகக் கூறிட்டு ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அளந்தால், ஒரு கூற்றில் மாறும் வாய்ப்பு நூறில் ஒன்றாகக் குறையும். பத்துக் கூறுகளும் சேர்ந்தாலும் பழைய வாய்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். ஒவ்வோர் அளவீடும் மாற்றத்தை மீண்டும் தொடக்கத்திற்கே தள்ளிவிடுகிறது.

1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். லேசர் ஒளித்துடிப்புகளை 64 வரை கூட்டக் கூட்ட, அயனிகளின் மாற்றம் தடைப்பட்டது. இங்கே 'நோக்கியது' யார்? ஒளித்துடிப்பே! ஒவ்வொரு துடிப்பின்போதும் எவரும் கண்விழித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அயனியின் நிலையைப் பற்றிய தடயம் சிதறிய ஒளியில் பதியக்கூடியதாக இருந்ததே போதும்.

ஆயர்கள் இவ்விடத்தில் நிதானிக்க வேண்டும். 'நோக்கர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தையும், மனத்திலிருந்து தேவனையும் வருவித்துவிடுகிறோம். விக்னர் போன்ற பேரறிஞரே 1961-இல் உணர்வுக்கு அத்தகைய இடமளித்தார்; பின்னர் அக்கருத்தைக் கைவிட்டார். கே.ஜி. கண்டிகை போன்ற சிற்றூரில் நம் பிரசங்கத்தைக் கேட்போர் இதைச் சரிபார்க்க வழியற்றவர்கள். நம் சொல்லை நம்பியே வீடு திரும்புவர். கல்லூரிக்குச் செல்லும் அவர்தம் பிள்ளைகள் ஒருநாள் உண்மையை அறிந்துகொள்வார்கள்.

சிதறிய ஒளி தாங்கியது தகவல், அறிவு அன்று. தகவலைப் பெற்று, ஆராய்ந்து, "இது மெய்" என்று பொறுப்பேற்றுச் சொல்ல ஒருவர் இருக்கும்போதுதான் அறிவு பிறக்கிறது. இராதாகிருஷ்ணன் எழுப்பிய வினா இப்பொறுப்பாளரைப் பற்றியது. சுதர்சனின் கணக்கு அந்த ஒளியைப் பற்றியது. குவாண்டம் சமன்பாடு உலகின் நிலையைச் சொல்கிறதா, உலகைப் பற்றி நாம் அறிந்ததைச் சொல்கிறதா என்பதில் இயற்பியலாரே இன்றும் ஒருமனப்படவில்லை.