பழைய மென்பொருளும் நினைவக எல்லையும்

பத்துமலைக் குகைக் கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 272. ஒருவர் படிக்கு ஒன்று கூட்டிக் காட்டும் சிறிய மின்னணுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவதாகக் கொள்வோம். அக்கருவி எண்ணை எழுத எட்டு பிட்டுகளே உள்ளன. பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம். எட்டு பிட்டுகளைக் கொண்டு 0 முதல் 255 வரை மட்டுமே எழுத முடியும். ஆகவே, 256ஆம் படியில் கால் வைத்ததும் கருவி மீண்டும் 0 என்று காட்டும். அவர் உச்சியை அடையும்போது அதில் தெரியும் எண் 16. படிகள் குறையவில்லை, கருவிக்குத்தான் இலக்கம் போதவில்லை.

பழைய மென்பொருள்கள் புதிய கணினியில் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம். கணினி நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியை எழுத எத்தனை பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளனவோ, அதற்கேற்ற அளவு நினைவகத்தைத்தான் மென்பொருளால் எட்ட முடியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டுத் தொலைபேசி எண்கள் முன்பு 03க்குப் பின் ஏழு இலக்கங்களாக இருந்தன, பிறகு எட்டாக்கப்பட்டன. இணைப்புகள் பெருகும்போது கம்பி இழுத்தால் மட்டும் போதாது. எண்ணையும் நீட்ட வேண்டும்.

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் முகவரிக்கு 20 பிட்டுகள் இருந்தன. அவற்றால் 1,048,576 பைட்டுகளை, அதாவது ஒரு மெகாபைட்டை எட்டலாம். அதில் 384 கிலோபைட் திரை முதலிய சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 640 கிலோபைட்டுக்குள் டாஸ் இயங்குதளமும் மென்பொருளும் பயனரின் ஆவணமும் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் இதைவிடப் பெரியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது இத்தகைய கணினிகள் புழங்கிய 1980களில்தான். தமிழ் எழுத்துகளைத் திரையில் வரைவதற்கான வேலையும் அந்தச் சிறிய இடத்திலேயே நடந்தாக வேண்டும்.

அந்த எல்லையைத் தாண்ட 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சேலைக்கடையை நினைத்துப் பார்க்கலாம். முன்மேசையில் நான்கு கட்டுகளுக்கே இடம். மாடியில் நூற்றுக்கணக்கான கட்டுகள் உள்ளன. வாடிக்கையாளர் வேறு சேலை கேட்டால் ஒரு கட்டை மேலே அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கீழே கொண்டுவருவார்கள். அதைப்போலவே, கூடுதல் நினைவகத்திலிருந்து 16 கிலோபைட் கொண்ட நான்கு பக்கங்களை மட்டும் ஒரு 64 கிலோபைட் சாளரத்தில் மாற்றி மாற்றி வைத்தார்கள். முகவரி நீளவில்லை, ஒரே முகவரியில் வெவ்வேறு சரக்கு வந்து போனது. எளிய தந்திரம்தான், ஆனால் அதற்கென எழுதப்பட்ட மென்பொருளுக்கே அது பயன்பட்டது.

பின்னர் 32 பிட் முகவரிகள் வந்தன. அவற்றால் 4,294,967,296 பைட்டுகளை, அதாவது நான்கு கிகாபைட்டை எட்டலாம். விண்டோஸ் இயங்குதளம் அதில் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதி இரண்டு கிகாபைட்டை மென்பொருளுக்குக் கொடுத்தது.

இங்கேதான் பலர் வீணாகப் பணம் செலவிடுகின்றனர். ஓர் அச்சகம் பழைய 32 பிட் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோயில் விழா மலர்களைத் தயாரிப்பதாகக் கொள்வோம். படங்கள் நிறைந்த மலரைத் திறந்ததும் ‘நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி வருகிறது. உரிமையாளர் கணினியின் நினைவகத்தை 8 கிகாபைட்டிலிருந்து 16 கிகாபைட்டாக உயர்த்துகிறார். மறுநாளும் அதே செய்தி! புதிய நினைவகம் கணினியில் இருக்கிறது. பழைய மென்பொருளுக்கோ இன்னும் இரண்டு கிகாபைட்தான்.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. விண்டோஸில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருள் கோப்பின் தொடக்கப் பகுதியிலும், ‘இரண்டு கிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளை என்னால் கையாள முடியும்’ என்று அறிவிக்கும் ஒரு பிட் இருக்கிறது. அதை 1 என்று மாற்றினால், 64 பிட் விண்டோஸ் அந்த 32 பிட் மென்பொருளுக்கு முழு நான்கு கிகாபைட்டையும் கொடுக்கும். இம்மாற்றத்தைச் செய்யும் சிறு கருவிகள் உள்ளன. ஒரே ஒரு பிட்!

அப்படியானால், அதை எல்லா மென்பொருளுக்கும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால், 32 பிட் எண்ணின் முதல் பிட்டைக் கழித்தல் குறியாகக் கொள்ளும் முறையும் உண்டு. முகவரிகளை அம்முறையில் கையாளும் மென்பொருளுக்கு, இரண்டு கிகாபைட்டைத் தாண்டிய முகவரி கழித்தல் எண்ணாகத் தெரியும். அப்போது அது திடீரென நின்றுபோகலாம். அதைவிட மோசம், நிற்காமலேயே ஆவணத்தைப் பிழையாகச் சேமிக்கலாம். எனவே, மூல மென்பொருள் கோப்பை நகலெடுத்து வைத்த பிறகே மாற்ற வேண்டும். சோதனையையும் ஆவணத்தின் நகலில்தான் செய்ய வேண்டும். மின்னணுக் கையொப்பம் இடப்பட்ட கோப்பாயின், மாற்றியதும் அக்கையொப்பம் செல்லாததாகிவிடும். சில மென்பொருள்களின் உரிம ஒப்பந்தம் இத்தகைய மாற்றத்திற்கு இடம் தருவதில்லை.

நினைவகம் மிகுந்தாலும் தொல்லைதான். விண்டோஸ் 98, 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் ‘நினைவகம் போதவில்லை’ என்று முறையிடுவதுண்டு. வீட்டில் அரிசி மூட்டைகள் குவிந்ததால் சமைக்க அரிசி இல்லை என்பது போன்ற வேடிக்கை அது. கோப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பு அளவுக்கு மீறிப் பெருகி, முகவரிகளை எல்லாம் விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம்.

டாஸ் காலத்து 16 பிட் மென்பொருளை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஏற்பதில்லை. அதற்கு டாஸ்பாக்ஸ் போன்ற போலிச்சூழல் மென்பொருள் உதவும். அது புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல நடந்துகொள்கிறது. இயல்பாக 16 மெகாபைட் நினைவகம் மட்டுமே இருப்பதாகக் காட்டுகிறது. பழைய மென்பொருளும் நம்பி இயங்குகிறது.

மூலநிரல் கையில் இருந்தால் அதைத் திருத்தி 64 பிட் மென்பொருளாக மறுபடியும் உருவாக்கலாம். அதுவே உறுதியான வழி. மூலநிரல் தொலைந்துபோன மென்பொருளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கக்கூடும். அம்மென்பொருள் ஏதாவதொரு வழியில் இயங்கும்போதே அவற்றைத் திறந்து, யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.