வயித்துல பட்டாம்பூச்சி பறக்குதா?

'வயித்துல பட்டாம்பூச்சி பறக்குதா?'ன்னு கேட்டா நம்ம பசங்க என்ன சொல்வாங்க? 'யாருடா மச்சி அந்தப் பொண்ணு?'ன்னு திருப்பிக் கேட்பாங்க. சினிமா புண்ணியத்தில் நம்ம ஊரில் பட்டாம்பூச்சி என்றாலே காதல்! ஆனால், ஆஸ்பத்திரியில் நீட்டும் ஒரு கேள்வித்தாளில் இதே பட்டாம்பூச்சி இருந்தால், அது விசாரிப்பது உங்கள் காதலை அல்ல... பயத்தை.

1983-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஸிக்மண்ட், ஸ்னைத் என்ற இரண்டு மனநல டாக்டர்கள் தயாரித்த கேள்வித்தாள் அது. சுருக்கமாக 'ஹெச்.ஏ.டி.எஸ்.'. மொத்தமே 14 கேள்விகள். 7 பதற்றத்துக்கு, 7 மனச்சோர்வுக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். உடம்பு நோய்க்காக வருபவரின் மனசும் வாடியிருக்கிறதா என்று சில நிமிஷத்தில் மோப்பம் பிடிக்கும் டெக்னிக்!

பயம் வந்தால் இங்கிலீஷ்காரர் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். நமக்கு? புளியைக் கரைக்கும்! வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தால் கேள்வி தமிழுக்கு வந்துவிடும், அர்த்தம் லீட்ஸிலேயே நின்றுவிடும். இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை பாஸ். பிற மொழிகளுக்குப் போகும்போது இந்தக் கேள்வித்தாள் படும் பாட்டை அலசி 2013-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் தலைப்பிலேயே 'பாலைவனத்தில் பட்டாம்பூச்சிகள் இல்லை' என்று ஒரு குத்தல்!

மொழி ஒரு பக்கம் படுத்துகிறது என்றால், சில நோய்கள் இன்னொரு பக்கம் படுத்தும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அப்படி ஒரு நோய். செல்லமாக... ம்ஹூம், சுருக்கமாக எம்.எஸ். கரன்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நம் நரம்புகளுக்கும் 'மைலின்' என்றொரு உறை உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் அதைத் தாக்கிவிடுகிறது. பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேல், தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. பெரும்பாலும் 20 வயசிலிருந்து 40-க்குள் தலைகாட்டும் நோய் இது. அதாவது, நம்ம செட்! பெண்களிடம் இன்னும் அதிகம். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் மனச்சோர்வில் விழுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். 'பி.ஹெச்.க்யூ.-9' என்று இன்னொரு பிரபல கேள்வித்தாள். 2001-ல் வந்தது. இதில் 10 மார்க் எடுத்தாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். இப்போது ஓர் எம்.எஸ். நோயாளி பதில் எழுதுகிறார். தினமும் அசதி, 3 மார்க். தூக்கம் கெட்டுப்போச்சு, 3. கவனம் நிற்கவில்லை, 2. அசைவு மந்தம், 2. ஆக, 10! மனசு கல்லுமாதிரி இருந்தாலும் தாள் அவரை 'மனச்சோர்வு' லிஸ்ட்டில் சேர்த்துவிடும். தலைகீழாகவும் நடக்கும். நிஜமாகவே உள்ளுக்குள் நொறுங்கிப்போனவரை 'எல்லாம் எம்.எஸ். பண்ற வேலை'ன்னு வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து. எனக்கு இதுதான் அதிகம் பயம்.

'அப்போ அந்தக் கேள்விகளைத் தூக்கிட வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அவசரப்படாதீங்க. கனடாவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு, அசதி, கவனம் பற்றிய கேள்விகளை நீக்க அவசியமில்லை என்றது. ஆக, ஊகம் செல்லாது. சோதித்துத்தான் பார்க்கணும்.

எப்படிச் சோதிப்பது? இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒப்பிட்டு ஒன்றாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோவார். பட்டாம்பூச்சி கொசுவாகத் திரும்பி வந்தால் எங்கேயோ இடிக்கிறது! பிறகு நோயாளிகளிடமே கொடுத்து, 'இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் ஜீவன் இதில்தான் இருக்கிறது.

கடைசியாக கட்-ஆஃப். இன்ஜினீயரிங் கவுன்சலிங் மாதிரியேதான். டொரன்டோவில் 180 எம்.எஸ். நோயாளிகளுக்கு ஹெச்.ஏ.டி.எஸ். கொடுத்து, தனியாக நேர்காணலும் நடத்தி, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வுப் பகுதியில் 8 என்று கோடு போட்டால், நிஜமாகவே மனச்சோர்வு உள்ளவர்களில் 90 சதவிகிதம் பேர் மாட்டினார்கள். இல்லாதவர்களில் 87 சதவிகிதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. லீட்ஸ் டாக்டர்களோ 8 முதல் 10 வரை 'சந்தேகம்', 11-லிருந்துதான் 'உறுதி' என்றிருந்தார்கள். அந்த 11-ஐயே பிடித்துத் தொங்கியிருந்தால் எத்தனை பேர் நழுவியிருப்பார்கள்!

ஆனால், அந்த 8 டொரன்டோவின் இங்கிலீஷ் தாளுக்கான கோடு. தமிழ்த் தாளுக்கு அதையே ஜெராக்ஸ் போட முடியாது. தமிழில் பட்டாம்பூச்சியை விடப் பெரிய சிக்கல் ஒரு சின்ன வார்த்தை. 'முடியல'. வடிவேலு பாணியில் நாம் சொல்வதில்லை, நம்ம ஊர் அம்மாக்கள் சொல்வது. காய்ச்சலுக்கும் 'முடியல'தான். அசதிக்கும் அதேதான். வாழ்க்கை வெறுத்துப்போனாலும் அதேதான். எம்.எஸ். வந்த ஒருவர் இந்த வார்த்தையைச் சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்கணும்: 'உடம்புக்கு முடியலையா... மனசுக்கு முடியலையா?'