ஐந்து சுற்றில் முதலைப் பெருக்கும் ஆட்டம்

வணிகப் பெருமக்களுக்குத் தாயமும் பரமபதமும் புதிதல்ல. டிரேட் அட்டையை விரித்து ஊர்களை வாங்கி வாடகை வசூலித்தவர்களும் நம்மில் பலர் உண்டு. ஆனால், அங்கெல்லாம் பகடை விழுவதே பாதிக் கணக்கைத் தீர்த்துவிடும். சென்ற விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் நம் வீட்டுப் பிள்ளைகள் விரித்த ஆட்டத்தில் பகடையே கிடையாது. நாமும் உட்கார்ந்து ஆடினோம், தோற்றோம். தோற்ற காரணம் கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

ஆட்டத்தின் பெயர் ‘லாஸ்ட் ரூயின்ஸ் ஆஃப் ஆர்னாக்’. செக் நாட்டின் செக் கேம்ஸ் எடிஷன் நிறுவனம் 2020இல் வெளியிட்டது. தீவொன்றில் மறைந்துபோன பழஞ்சின்னங்களைத் தேடுவதே கதை. நான்கு பேர் வரை ஆடலாம். ஆளுக்கு ஆறு சீட்டு, இரண்டு ஆட்கள். ஐந்து சுற்றில் கணக்கு முடிந்துவிடும். மதிப்பெண் அதிகம் சேர்த்தவர் வென்றவர்.

ஆறு சீட்டில் இரண்டு காசு தரும், இரண்டு திசைகாட்டி தரும், மீதி இரண்டும் அச்சச் சீட்டு. காசு கொடுத்துக் கருவிச் சீட்டு வாங்கினால் அது கட்டின் அடியில் போய், அடுத்த சுற்றில் கைக்கு வரும். திசைகாட்டியைச் செலவிட்டால் புதிய இடம் திறக்கும். அங்கே கிடைக்கும் சரக்கு ஆராய்ச்சிப் படியில் ஏற உதவும். ஆக, ஒன்றின் வரவு மற்றொன்றுக்கு முதலாகிறது.

எந்த இடத்துக்குப் போனாலும் பயணச் செலவு உண்டு. அதற்குச் சீட்டையே கொடுக்கலாம். கொடுத்த சீட்டின் மற்றப் பலன் கிடைக்காது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு மளிகை ஏற்றிச் செல்லும் வியாபாரிக்கு இது விளங்கும். இறங்கும்போது புளியோ, கடுக்காயோ, சாமையோ ஏற்றி வராவிட்டால் லாபமெல்லாம் வண்டி வாடகைக்கே சரியாகிவிடும்.

அச்சச் சீட்டு நடைக்கு மட்டுமே உதவும்; முடிவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். புதிய இடத்தின் காவல் பூதத்தை அடக்காமல் ஆளை அங்கேயே விட்டுச் சுற்றை முடித்தால் இன்னொன்று வந்து சேரும். சில சீட்டுகளின் பலனால் அச்சத்தைக் கட்டிலிருந்தே விலக்கலாம். நம் கடையில் அதன் பெயர் தேங்கிய சரக்கு, வராக்கடன்.

நாம் தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழக்கதோஷத்தால் காசைச் சேர்த்து வைத்தோம். பள்ளி மாணவனோ முதல் இரண்டு சுற்றிலேயே நல்ல கருவிகளை வாங்கிவிட்டான். அவை மறுபடி மறுபடி அவன் கைக்கு வந்து உழைத்தன. நாம் கடைசிச் சுற்றில் வாங்கிய சீட்டு கைக்கே வரவில்லை. அதில் அச்சிட்டிருந்த மதிப்பெண்தான் மிச்சம். மிஞ்சிய காசுக்கோ மதிப்பெண்ணே கிடையாது. தீபாவளி முன்னிரவில் கொள்முதல் செய்தவன் நிலைதான் நமக்கு!

கடை ஐந்து சுற்றில் முடிவதல்ல. வரிக்கும் சம்பளத்துக்கும் கையிருப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு மேல் உள்ள பணம் எத்தனை முறை சுற்றி வந்தது என்று மாதக் கடைசியில் பாருங்கள். பின்னறையில் எத்தனை அச்சச் சீட்டு கிடக்கிறது என்றும் எண்ணுங்கள். நாம் எண்ணிப் பார்த்தோம். இரண்டுக்கு மேலேயே இருந்தது.