பாட்டி சொல்லும் ‘தாது வருஷம்’ எது? பொன்னேரிக் கரையில் ஒரு கணக்கு

கங்கைகொண்ட சோழபுரம் சுற்றுவட்டாரத்தில் நூறு நாள் வேலைக்கு இன்னொரு பெயர் ‘ஏரி வேலை’. வாய்க்கால் வெட்டினாலும் சரி, மரக்கன்று நட்டாலும் சரி, அது ஏரி வேலைதான். தூக்குவாளியோடு கிளம்பும் அப்பாயியிடம் “இந்த வெயில்ல எதுக்கு?” என்று கேட்டால், “தாது வருஷத்துல கஞ்சிக்கே மண்ணு சுமந்தாங்களாம்டா, எனக்குக் காசு குடுக்கறாங்க” என்கிற ரகத்தில் பதில் வரும்.

சரி, அது எந்த தாது வருஷம்?

தமிழ் ஆண்டுகள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1876-77 தாது. 1936-37ம் தாது. முதலாவது, சென்னை மாகாணத்தையே புரட்டிப்போட்ட பெரும் பஞ்சம். இரண்டாவது, உலகப் பொருளாதார மந்தத்தின் வால்பகுதி. வீட்டுக் கதைகளில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

1876ல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டில் சாவு இன்னும் அதிகம். அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். ஆனால் கூலி? 1877 தொடக்கத்தில் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா என்று குறைத்தார். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். வேலையாட்களும் பல முகாம்களை விட்டு வெளியேறினார்கள். அதன் பிறகே கூலி ஓரளவு உயர்ந்தது. வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி. பழைய சென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். அந்தப் பெயர் இதற்கும் முந்தைய பஞ்சக் காலத்துக் கஞ்சிச் சத்திரத்தின் மிச்சம்.

இந்த அனுபவத்திலிருந்துதான் 1880களில் பஞ்ச விதித்தொகுப்பு எழுதப்பட்டது. மழை பொய்த்து, விளைச்சல் போய், விலை ஏறினால் வேலை திறக்க வேண்டும். அதன் அடிப்படை எளிமையானது, கொஞ்சம் கொடூரமும்கூட: கடின வேலைக்கு வந்து நின்றால்தான் ஒருவருடைய பசி நம்பப்படும்.

1930களில் சிக்கல் தலைகீழ். நெல் விளைந்தது, விலைதான் இல்லை. வரியும் வட்டியும் அப்படியே நிற்க, வீட்டு நகை கடைக்குப் போனது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று கட்டி லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது இதே காலத்தில்தான். இங்கே வறட்சியை மனதில் வைத்து எழுதிய விதிக்கு ‘அரிசி இருக்கு, காசு இல்லை’ என்ற பஞ்சம் புரியவில்லை. பெரிய வேலை என்றால் 1925ல் தொடங்கி 1934ல் முடிந்த மேட்டூர் அணை. ஆனால் அது பாசனத் திட்டம், நிவாரணம் அல்ல.

ஆக, துப்புத் துலக்க ஒரு வழி இருக்கிறது. கதையில் ‘அரிசியே கிடைக்கல’ என்று வந்தால் பெரும்பாலும் 1876; கொள்ளுத்தாத்தாவுக்கு அவருடைய தாத்தா சொன்னது. ‘நெல்லு கெடந்துச்சு, வாங்க ஆளில்ல’ என்றால் 1930கள். ரேஷன், வரிசை, பர்மா அரிசி என்று வந்தால் அது தாதுவே அல்ல, 1940களின் யுத்தகாலம்.

இந்த ஊருக்குப் பொதுப்பணி பற்றி இன்னொரு கசப்பான நினைவும் உண்டு. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள், தண்டிக்கப்பட்டதுதான் மிச்சம். பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போனது. இதை 19ம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. அதே மன்னன் வெட்டிய சோழகங்கம், அதாவது பொன்னேரி, சுமார் 16 மைல் கரை கொண்டது. அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோது அது தூர்ந்து காடாகிக் கிடந்தது.

2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் 2008ல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. அப்போது தமிழகத்தில் கூலி 80 ரூபாய். 2025-26க்கு அறிவிக்கப்பட்டது 336. பழைய விதியோடு ஒப்பிட்டால் மாறியது முக்கியமான ஓர் இடத்தில். பஞ்சம் என்று அரசு அறிவிக்க வேண்டியதில்லை, கேட்டால் வேலை என்பது சட்டப்படி உரிமை ஆனது. மாறாதது, மண்ணை அளந்து கூலியைக் குறைக்கும் பழக்கம். வெட்டிய குழியை டேப் வைத்து அளக்கும்போது கரையில் எழும் வாக்குவாதத்தை, 1877ல் முகாமை விட்டு எழுந்து போனவர்களும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

1936ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது 90 வயதுக்கு மேல். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, “தாது வருஷம்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அரிசி விலையையும் மறக்காமல் கேளுங்கள்.