இழுவைப் பெட்டியின் அச்சும் வில்லும்

கடுகண்ணாவையில் நிற்கும் டோசன் கோபுரம், 1829 இல் மறைந்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பொறுப்பில் உருவான கண்டி வீதியிலே, 1867 இல் புகைவண்டி கண்டியை எட்டும் வரை, கோப்பி மூட்டைகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. பாரம் மிஞ்சினால் மாடு நின்றுவிடும். வண்டிக்காரன் அதைக் கொண்டே அளவை அறிந்தான். இன்று கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களில் கொழுந்தும் விறகும் ஏற்றிய பெட்டியை இழுப்பது உழவு இயந்திரம். அது களைத்து நிற்பதில்லை. அச்சு முறியும் வரை இழுத்துக்கொண்டே போகும். சாக்குகளின் மேல் தொழிலாளரும் ஏறி வருவதுண்டு என்பதை நினைத்தால், இது வெறும் இரும்பைப் பற்றிய பேச்சன்று.

அச்சிற் பொறித்திருக்கும் எண், ஏற்றத்தக்க சரக்கின் எடையன்று. பெட்டியின் எடையும் அதற்குள் அடங்கும். 1,500 கிலோ தாங்கும் அச்சின் மேல் 400 கிலோப் பெட்டி இருக்குமாயின், சரக்குக்கு எஞ்சுவது ஏறத்தாழ 1,100 கிலோவே. டயர்கள் தாங்குவது இதனிலும் குறைவாயின், அந்தக் குறைந்த எண்ணே எல்லை. பழைய வாகனத்திலிருந்து கழற்றிய அச்சில் எண் அழிந்திருந்தால், அச்சுமுனையின் விட்டத்தையும் பெயாரிங்கின் இலக்கத்தையும் கொண்டு தேர்ந்த தொழிலாளி கணிக்க வேண்டும். பெட்டி நிறைந்ததா என்று கண்ணாற் பார்ப்பது போதாது. மழையில் பறித்த கொழுந்து நீரோடு வரும். பச்சை விறகோ காய்ந்ததிலும் வெகுவாகக் கனக்கும்.

வில்லைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. பெட்டி தாழ்ந்தால் வில்லில் இன்னொரு பட்டை சேர்த்துவிட்டு, இனிக் கூடுதலாக ஏற்றலாம் என்று எண்ணுகின்றனர். பெட்டி நிமிர்வது உண்மை. அச்சின் வலு இம்மியும் கூடுவதில்லை. வில் விறைத்தபின், குழியில் விழும் அதிர்ச்சியை முன்னிலும் அதிகமாக அச்சே ஏற்கிறது. வில்லே இல்லாது சட்டத்தில் நேரே பூட்டிய பெட்டிகளில் இத்துன்பம் இன்னும் பெரிது.

வெறும் பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, இரு பக்க உயரங்களையும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்து வில் தளர்ந்திருக்கலாம், பட்டை வெடித்திருக்கலாம். பின்பு கொளுவியிலிருந்து இரு சில்லுகளின் நடுவுக்கும் உள்ள தூரங்களை ஒப்பிட வேண்டும். அவை வேறுபட்டால் அச்சு நகர்ந்துள்ளது. டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்திருப்பின், அச்சு வளைந்திருக்கக்கூடும்.

ஒற்றை அச்சுப் பெட்டியில் பாரத்தைப் பின்னால் குவிப்பது மலைநாட்டில் பெருந்தவறு. ஏற்றத்தில் பாரம் மேலும் பின்சாய்ந்து கொளுவியை மேலே தூக்கும். இழுக்கும் இயந்திரத்தின் பின்சில்லுகள் பிடிப்பை இழக்கும். ஆகவே பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும்.

பழுது பார்த்தபின் முதற் பயணம் முடிந்ததும், வில்லைப் பிடிக்கும் வளைந்த ஆணிகளின் சுரைகளை மறுபடி முறுக்குவது நல்லது. அப்போதே சில்லின் குடத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஒன்று மற்றதிலும் மிகச் சுட்டால், அதன் பெயாரிங்கை அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும்.